சிக்னல் மாறும் காலத்தில் ரயிலைப் படமெடுப்பது: அமெரிக்கத் தடங்களை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

2008 செப்டம்பர் 12 பிற்பகலில் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே சாட்ஸ்வொர்த் என்ற இடத்தில் மெட்ரோலிங்க் பயணிகள் ரயில் ஒன்று சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போனது. எதிரே அதே தடத்தில் வந்த யூனியன் பசிபிக் சரக்கு ரயிலுடன் நேருக்கு நேர் மோதியது. 25 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் பணி நேரத்தில் கைபேசியில் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்ததில் கவனம் சிதறியது என்று தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவுக்கு வந்தது. அடுத்த மாதமே, அக்டோபர் 16 அன்று, ரயில் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டம் கையெழுத்தானது. முக்கியத் தடங்களில் எல்லாம் ரயிலைத் தானாக நிறுத்தவல்ல ‘பாசிட்டிவ் ட்ரெயின் கன்ட்ரோல்’ முறையை, சுருக்கமாக பி.டி.சி.யை, நிறுவியே ஆகவேண்டும் என்று அந்தச் சட்டம் கட்டளையிட்டது.

அதற்குப் பின் வந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அமெரிக்கத் தண்டவாளங்களின் ஓரம் நின்ற பழைய சிக்னல்கள் பெரும் எண்ணிக்கையில் வெட்டிச் சாய்க்கப்பட்டன. ரயில் படமெடுப்பவர்களுக்கு அது பரபரப்பான காலம். எதைப் பதிவு செய்தார்கள், எங்கே கோட்டை விட்டார்கள் என்பதைத்தான் இங்கே ஆராய்கிறேன். என் வாதம் ஒன்றுதான். பழைய சிக்னலோடு எடுத்த ரயில் படம் என்றால், அந்த நொடியில் அந்த சிக்னல் அந்த ரயிலுக்கு என்ன சொன்னது என்பது படத்தில் தெரியவேண்டும். முன்பின் ரயில் தெரியாத ஒருவர் ஐம்பது ஆண்டுகள் கழித்துப் பார்த்தாலும் படிக்க முடியவேண்டும். இல்லாவிட்டால் அது கம்பத்தின் படம், அவ்வளவுதான்.

சாட்ஸ்வொர்த் விபத்திலேயே இதற்கு ஒரு வலுவான காரணம் இருக்கிறது. சிக்னல் பச்சையாக இருந்ததாக, நிலையத்தில் நின்றிருந்த சிலர் சொன்னார்கள். அந்த சிக்னலோ நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் தள்ளி இருந்தது. விசாரணைக் குழு சிக்னல் கருவிகளின் பதிவுகளையும் ஆராய்ந்து, அதே இடத்தில் நின்று பார்த்தும் சோதித்த பிறகு, சிக்னல் சிவப்பையே காட்டியது என்று முடிவு செய்தது. பழகிய கண்களும் சிக்னலைத் தவறாக நினைவில் வைத்திருக்கக்கூடும். அப்படியிருக்க, படம் தெளிவாகச் சொல்லாததை நினைவு ஈடுகட்டிவிடும் என்று நம்பியிருக்க முடியாது.

சட்டம் கேட்டதும் நடந்ததும்

பழைய சிக்னலைப் பிடுங்கு என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. என்ஜினில் ஒரு கணினி இருக்கும், ஜி.பி.எஸ். வழியே தான் இருக்கும் இடத்தை அது அறியும். முன்னால் உள்ள சிக்னல் என்ன காட்டுகிறது என்பதை ரேடியோ வழியே பெறும். ஓட்டுநர் வேகத்தைக் குறைக்காவிட்டால் தானே பிரேக் போடும். பி.டி.சி. கேட்பது இவ்வளவுதான். ஆனால் சிக்னலின் நிலை ரேடியோவில் போக வேண்டுமென்றால், தண்டவாளத்தோரம் உள்ள கருவி மின்னணு மொழி பேசவேண்டும். பல இடங்களில் இருந்தவையோ இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ரிலேக்களும் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்), தந்திக் கம்பம் போன்ற கம்பங்களில் மைல் கணக்கில் ஓடிய திறந்த கம்பிகளும். உதிரிப் பாகம் கிடைப்பது அரிது. ஒரு புயலடித்தால் கம்பி அறுந்து போக்குவரத்தே தடுமாறும். கருவிப் பெட்டியை எப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்று ஆனபோது, மேலே நிற்கும் சிக்னலையும் சேர்த்தே மாற்றிவிடுவது கம்பெனிகளுக்குக் கணக்காகப் பட்டது. அதில் தவறு சொல்ல எனக்கு மனமில்லை. 25 உயிர்களுக்குப் பிறகு வந்த மாற்றம் அது.

கெடு முதலில் 2015 டிசம்பர் 31. பிறகு 2018 வரைக்கும், நிபந்தனைகளோடு 2020 வரைக்கும் நீண்டது. 2020 டிசம்பர் இறுதியில், சட்டத்துக்கு உட்பட்ட 57,536 மைல் தடம் முழுவதிலும் இந்த முறை செயலுக்கு வந்துவிட்டதாக மத்திய ரயில்வே நிர்வாகம் அறிவித்தது. கெடு நீண்டதால் படமெடுப்பவர்களுக்குக் கூடுதலாகச் சில ஆண்டுகள் கிடைத்தன. அந்தக் காலம் எல்லா வகை சிக்னல்களுக்கும் ஒரே அளவில் பயன்படவில்லை என்பது பின்னால் வரும்.

மூன்று குடும்பங்கள்

இந்தக் காலத்தில் மறைந்த சிக்னல்களை மூன்று குடும்பங்களாகப் பிரித்துக்கொண்டால் படமெடுப்பவரின் சிக்கல் தெளிவாகும்.

முதலாவது கைகாட்டி. அமெரிக்கக் கைகாட்டிகளில் பிற்காலத்தில் பரவலானது மேல்நோக்கி எழும் வகை. கை நேர் செங்குத்தாக நின்றால் வழி திறந்திருக்கிறது. சாய்வாக நின்றால் எச்சரிக்கை. படுக்கையாக நின்றால் நில். நம் ஊர்ப் பழைய நிலையங்களில் கை கீழே சாய்ந்தால் போகலாம் என்று பார்த்துப் பழகியவர்களுக்கு இது முதலில் தலைகீழாகத் தெரியும். மின்சாரம் நின்றாலும் இணைப்பு அறுந்தாலும் கை தன் எடையாலேயே கீழே விழுந்து ‘நில்’ என்று காட்டும். மேல்நோக்கிய வகையின் பாதுகாப்பு அதில்தான் இருக்கிறது.

இரண்டாவது பென்சில்வேனியா ரயில்ரோடின் நிலைவிளக்கு சிக்னல். 1915-ல் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து மேற்கே பாவோலி வரை தடத்தை மின்மயமாக்கியபோது, மேலே கம்பிகளும் தாங்கிகளும் நெருக்கியதால் கைகாட்டியைத் தொலைவிலிருந்து பார்ப்பது கடினமாயிற்று. அந்தக் கம்பெனியின் சிக்னல் பொறியாளர் ஏ. எச். ரட், கார்னிங் கண்ணாடித் தொழிற்சாலையின் வில்லியம் சர்ச்சிலோடு சேர்ந்து கைகாட்டியின் நிலைகளை அப்படியே விளக்கு வரிசைகளாக மாற்றினார். செங்குத்து வரிசை என்றால் போ, சாய்ந்த வரிசை என்றால் எச்சரிக்கை, படுக்கை வரிசை என்றால் நில். எல்லா விளக்கும் ஒரே மஞ்சள் சாயல். மூடுபனியை ஊடுருவும் என்பதால் அந்த நிறம். பால்டிமோர் அண்ட் ஓஹையோ கம்பெனி 1920-களில் இதோடு நிறத்தையும் சேர்த்துத் தனக்கென ஒரு வகையை உருவாக்கியது: செங்குத்தாக இரண்டு பச்சை, சாய்வாக இரண்டு மஞ்சள், படுக்கையாக இரண்டு சிவப்பு. அதை வடிவமைத்தவர் ஃபிராங்க் பேட்டனால்.

மூன்றாவது தேடுவிளக்கு சிக்னல், அதாவது சர்ச்லைட். ஹால் சிக்னல் கம்பெனி 1920-ஐ ஒட்டிக் கொண்டுவந்தது. பின்னர் யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல், ஜெனரல் ரயில்வே சிக்னல் என்ற இரண்டு பெரிய கம்பெனிகளும் நாடெங்கும் நிறுத்தின. வட்டமான கறுப்புத் தகட்டின் நடுவில் ஒரே ஒரு லென்ஸ். உள்ளே ஒரே ஒரு சிறிய பல்பு. பல்புக்கு முன்னால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று சின்னஞ்சிறு கண்ணாடித் துண்டுகள் தாங்கிய இலேசான சட்டம் ஒன்று மின்காந்தத்தால் இங்கும் அங்கும் அசையும். நடுவில் இருப்பது சிவப்பு. மின்சாரம் ஒரு திசையில் பாய்ந்தால் பச்சை, எதிர்த் திசையில் பாய்ந்தால் மஞ்சள், பாயாவிட்டால் சட்டம் தானே நடுவுக்கு வந்து சிவப்பு. ஆகவே மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும்போதெல்லாம் ஒரு கணம் சிவப்பு பளிச்சிட்டு மறையும். இந்தக் கண்சிமிட்டல் வேறு எந்த சிக்னலுக்கும் இல்லை. எல்.இ.டி. தலைகள் (கம்பத்தின் மேலுள்ள விளக்குப் பகுதிகள்) வந்த இடங்களில் அது அறவே போய்விட்டது.

இனி இவற்றைப் படமெடுப்பவரின் கண்ணால் பார்ப்போம். கைகாட்டி வடிவத்தால் பேசுகிறது. நிறமில்லாத படத்திலும், பின்னாலிருந்து எடுத்த படத்திலும்கூட அதன் நிலை தெரியும். நிலைவிளக்கும் வடிவத்தால்தான் பேசுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்திலேயே அதை முழுமையாகப் படிக்கலாம், ஆனால் முகப்பிலிருந்து எடுக்கவேண்டும். தேடுவிளக்கு நிறத்தால் மட்டும் பேசுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெறும் புள்ளி. முகப்பிலிருந்து, கதிரின் நேர்க்கோட்டில் நின்று, நிறம் கெடாமல் எடுத்தால்தான் அது சொன்னது பதிவாகும். மூன்றில் மிக அதிகமாகப் பரவியிருந்தது எதுவோ, அதுவே படமெடுக்க மிகக் கடினமானது. அதனால்தான் மிகக் குறைவாகப் பதிவானதும் அதுவே என்று நினைக்கிறேன்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். இவற்றின் இடத்தில் வந்த புதிய எல்.இ.டி. சிக்னல்களில் பெரும்பாலும் பச்சை மேலே, மஞ்சள் நடுவில், சிவப்பு கீழே என்று இடம் நிலையாக இருக்கிறது. எந்த விளக்கு எரிகிறது என்ற இடத்தை வைத்தே செய்தியைப் படிக்கலாம். பதிவாகும் திறனில் மட்டும் பார்த்தால் புதியது தேடுவிளக்கைவிட மேல்.

எந்த நொடி

1872-ல் வில்லியம் ராபின்சன் காப்புரிமை பெற்ற தண்டவாளச் சுற்றுதான் இந்த சிக்னல்களுக்கு எல்லாம் அடிப்படை. தண்டவாளம் இரண்டிலும் சிறு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். ரயிலின் முதல் அச்சு அந்தப் பகுதிக்குள் நுழைந்ததும் இரண்டு தண்டவாளங்களும் அச்சு வழியே இணைந்து, மின்னோட்டம் ரிலேயை எட்டாமல் போகும். ரிலே விழும்; சிக்னல் சிவப்பாகும்.

இதன் விளைவு எளியது. ஆனால் ஆயிரக்கணக்கான படங்களில் அது கவனிக்கப்படவில்லை. என்ஜினின் மூக்கு சிக்னலைத் தாண்டிய மறுநொடி சிக்னல் சிவப்பு. என்ஜின் சரியாகக் கம்பத்தின் அருகே வந்ததும் ஷட்டரை அழுத்துவது அழகான சட்டகத்தைத் தரும். சிக்னலின் செய்தி அதற்குள் போயிருக்கும். ரயிலுக்கு அது கொடுத்த பச்சையைப் பிடிக்கவேண்டுமானால், மூக்கு கம்பத்தை எட்டுவதற்குச் சற்று முன்பே எடுத்தாகவேண்டும்.

இன்னொரு சிக்கல் திசை. ரயிலுக்கான சிக்னல் ரயிலைப் பார்த்துத்தான் நிற்கும். ரயில் நம்மை நோக்கி வரும்படி நின்று எடுத்தால், அந்த சிக்னலின் முதுகுதான் நமக்குத் தெரியும். நம் பக்கம் முகம் காட்டுவது எதிர்த் திசை ரயிலுக்கான சிக்னல். ஒற்றைத் தடத்தில் அது அப்போது சிவப்பாகத்தான் இருக்கும். எதிரே ரயில் வருகிறதே! அமெரிக்க ரயில் படங்களில் பாய்ந்து வரும் என்ஜினுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரிவதை அடிக்கடி பார்க்கிறோம். விவரம் தெரியாதவர் அதை, சிவப்பை மீறி வரும் ரயில் என்றே படிப்பார். படக்குறிப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும், இந்தக் குழப்பம் தீரும். பெரும்பாலும் யாரும் எழுதுவதில்லை.

கைகாட்டி இந்தச் சிக்கலிலிருந்து தப்புகிறது. எதிர்ப்புறம் நின்று பார்த்தாலும் கை நிமிர்ந்திருப்பது தெரியும். ரயிலின் முகமும் அதற்குக் கிடைத்த அனுமதியும் ஒரே சட்டகத்தில் இயல்பாக அமைவது கைகாட்டியோடுதான். விளக்கு சிக்னல்களில் அதைச் செய்ய, தடத்திலிருந்து நன்றாக விலகி, ரயிலுக்கும் சிக்னலுக்கும் இடைப்பட்ட இடத்தில் பக்கவாட்டில் நிற்கவேண்டும். அங்கிருந்து பார்த்தால் தேடுவிளக்கின் குறுகிய கதிர் நம்மைத் தொடாது. எரியும் விளக்கு அணைந்ததுபோல் தெரியும். மிஞ்சும் வழி, ரயிலை நமக்குப் பின்னாலிருந்து வரவிட்டு, சிக்னலின் முகத்தைப் பார்த்தபடி, என்ஜினின் பின்பக்கமும் பக்கவாட்டும் சட்டகத்துக்குள் நுழையும்போது எடுப்பது. ரயில் ரசிகர்களுக்கு என்ஜினின் முகம் தெரியாத படம் பிடிக்காது. ஆனால் ஓட்டுநர் கண்ட காட்சிக்கு மிக அருகில் வருவது அந்தப் படம்தான். இந்த ஆய்வுக்காக மனதில் வைத்துப் பார்த்தவற்றில் நான் மிகவும் மதிக்கும் கோணம் அது.

ரயில் இல்லாத வேளையில் சிக்னலை மட்டும் எடுக்கப் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் பல தடங்களில் ரயில் நெருங்கும்போது மட்டுமே சிக்னல் விளக்கு எரியும். மற்ற நேரத்தில் பல்பையும் பேட்டரியையும் காக்க அணைந்திருக்கும். அணைந்த சிக்னலின் படம் பின்னாளில் கைவிடப்பட்ட சிக்னலின் படம் என்று தவறாகப் பொருள்படும்.

நிறமும் நேரமும்

டிஜிட்டல் கேமரா தேடுவிளக்குக்கு நட்பானது அல்ல. சுற்றுப்புறத்துக்கு ஏற்ப எக்ஸ்போஷர் வைத்தால் விளக்கின் நடுப்பகுதி வெளிறி வெள்ளையாகி, விளிம்பில் மட்டும் நிறம் கசியும். விளக்குக்கு ஏற்பக் குறைத்து எடுத்து, நிழல்களைப் பிறகு ஏற்றிக்கொள்வதே மேல். சூரியன் மறைந்த பிறகு வானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும் அந்தக் குறுகிய நேரத்தில் விளக்கும் நிலக்காட்சியும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வரும். கைகாட்டிக்கு நடுப்பகல்கூடப் போதும். தேடுவிளக்குக்கு அந்தி தேவை. பென்சில்வேனியா நிலைவிளக்கின் மஞ்சள் சாயலை இரவில் தானியங்கி ஒயிட் பேலன்ஸ் கழுவித் துடைத்து வெள்ளையாக்கிவிடும். பகல் ஒளி அமைப்பில் பூட்டி வைத்தால் நிறம் நிற்கும்.

நீண்ட நேர எக்ஸ்போஷரில்தான் மிகப் பெரிய ஆபத்து. இரவில் ஷட்டரைப் பல நொடிகள் திறந்து வைத்து, ரயிலின் விளக்குகள் கோடாக ஓடும்படி எடுப்பது பலருக்குப் பிடித்த முறை. ரயில் கடக்கும்போது சிக்னல் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறும். நிலைவிளக்கில் செங்குத்து வரிசையும் படுக்கை வரிசையும் இரண்டும் பதிவாகி, மாற்றம் நடந்தது என்று படமே சொல்லிவிடும். எல்.இ.டி. தலையில் மேலும் கீழும் இரண்டு விளக்குகள் எரிந்ததாகத் தெரியும்; அதையும் புரிந்துகொள்ளலாம். தேடுவிளக்கில் பச்சையும் சிவப்பும் ஒரே லென்ஸின் ஒரே புள்ளியில் ஒன்றன்மேல் ஒன்று விழும். பச்சை ஒளியும் சிவப்பு ஒளியும் கலந்தால் மஞ்சள். அந்த சிக்னல் அப்போது காட்டாத எச்சரிக்கையைப் படம் காட்டும். பார்க்க அழகாகவும் நம்பும்படியும் இருக்கும், அதுதான் ஆபத்து. தேடுவிளக்கோடு இரவுப் படம் எடுப்பவர்கள் ரயில் சிக்னலை எட்டும் முன்பே ஷட்டரை மூடிவிடவேண்டும் என்பதில் எனக்குச் சமரசம் இல்லை. முடிந்தால் கூடவே வீடியோ ஒன்றும் எடுக்கவேண்டும். அந்த நடுச்சிவப்புக் கண்சிமிட்டலை வேறு எதிலும் பிடிக்க முடியாது.

நியூ மெக்சிகோவின் கைகாட்டிகள்

மூன்று குடும்பங்களில் மிக நன்றாகப் பதிவானது எண்ணிக்கையில் மிகக் குறைவாக எஞ்சிய குடும்பம். பழைய சாண்டா ஃபே கம்பெனியின் ராட்டன் கணவாய்த் தடத்தில், நியூ மெக்சிகோவின் வேகன் மவுண்ட் சுற்றுவட்டாரப் புல்வெளிகளில், யூனியன் ஸ்விட்ச் கம்பெனியின் டி-2 வகைக் கைகாட்டிகள் 21-ஆம் நூற்றாண்டிலும் வேலை செய்தன. சரக்குப் போக்குவரத்து ஏற்றம் குறைந்த தெற்குத் தடத்துக்குப் போய்விட்டது. ராட்டனில் தடம் 7,588 அடி உயரம் ஏறவேண்டும். மிஞ்சியது சிகாகோவுக்கும் லாஸ் ஏஞ்சலிஸுக்கும் இடையே ஓடும், ஆம்ட்ராக் என்ற தேசியப் பயணிகள் ரயில் நிறுவனத்தின் சவுத்வெஸ்ட் சீஃப், திசைக்கு நாளொன்றுக்கு ஒரு ரயில். போக்குவரத்து குறைந்த தடம் என்பதால் மாற்றும் அவசரமும் இல்லை. புறக்கணிப்பே அவற்றைக் காப்பாற்றியது.

படமெடுப்பவர்களுக்கு இந்தத் தடம் வேறு விதத்தில் வாய்ப்பானது. வழக்கமான அட்டவணைப்படி இரு திசை ரயில்களும் இந்தப் பகுதியைப் பகல் வெளிச்சத்தில் கடக்கின்றன. மேற்கே போகும் ரயில் முற்பகலிலும் நண்பகலை ஒட்டியும் வரும். கிழக்கே போவது பிற்பகலில். இந்த ஒற்றைத் தடத்தில் இருந்த சிக்னல் ஏற்பாட்டின்படி, ரயில் ஒரு கடப்புத் தடத்தை (எதிரெதிர் ரயில்கள் விலகிச் செல்லும் பக்கத்தடம்) விட்டுக் கிளம்பியதும், அடுத்த கடப்புத் தடம் வரை எதிர்த் திசைக் கைகாட்டிகள் எல்லாம் ‘நில்’ நிலைக்குச் சாய்ந்தன. ரயில் கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் முன்பே, நிமிர்ந்து நின்ற கை திடீரென்று கீழே விழுவதைப் பார்த்து ரயில் வருகிறது என்று அறிய முடிந்தது. கைபேசி இணைப்பு இல்லாத வெளியில் இதைவிட நம்பகமான அறிவிப்பு கிடையாது. இந்த விழுதலையே தொடர் படமாகவோ வீடியோவாகவோ எடுத்தவர்கள், தனிப்படம் எடுத்தவர்களைவிட ஒரு படி மேலான பதிவைத் தந்திருக்கிறார்கள். சிக்னல் என்பது அசையும் பொருள் என்பது அதில்தான் விளங்குகிறது.

வெயில் ஏறிய பிறகு அங்கே டெலி லென்ஸ் பெரிதாக உதவாது. தரையிலிருந்து எழும் சூட்டலையில் கையும் என்ஜினும் நெளியும். நெருங்கிப் போய்க் குட்டை லென்ஸில் எடுக்கலாம் என்றால் தடத்தோர நிலம் ரயில்வேயின் தனிச் சொத்து. பொதுச் சாலை தடத்தைக் கடக்கும் இடங்களை முதலில் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து எட்டும் கைகாட்டிகளை மட்டும் தேர்வு செய்வதே ஒழுங்கான வழியாக இருந்தது.

பென்சில்வேனியா மலைத்தடம்

ஆல்ட்டூனாவுக்கு மேற்கே மலையேறும் தடம் இதற்கு நேரெதிர். 1854 பிப்ரவரி 15-ல் திறந்த ஹார்ஸ்ஷூ வளைவு அங்கே இருக்கிறது; 1966-லேயே தேசிய வரலாற்றுச் சின்னமானது. பென்சில்வேனியா ரயில்ரோடு கட்டியது, பின்னர் கான்ரெயில் கம்பெனியின் கைக்குப் போய், 1999-லிருந்து நார்ஃபோக் சதர்ன் நடத்துவது. சரக்கு ரயில்கள் இரவு பகலாக ஓடும். நிலைவிளக்குகளைத் தாங்கிய சிக்னல் பாலங்கள் தடங்களுக்குக் குறுக்கே நின்றன. 2010-களில் தொடங்கிப் படிப்படியாக அவற்றின் இடத்தில் நிறவிளக்குகள் வந்தன.

இங்கே படமெடுப்பவர்களுக்குப் பொது இடங்களுக்குப் பஞ்சமில்லை. வளைவில் பூங்கா இருக்கிறது. கசாண்ட்ரா ஊரில் தடத்துக்கு மேலே நடைபாலமே பார்வையிடமாக இருக்கிறது. பல தடங்கள் இருப்பதால் நம் பக்கம் முகம் காட்டும் சிக்னலும் எதிரே வரும் ரயிலும் வெவ்வேறு தடத்துக்கு உரியவையாக இருக்கலாம். அப்போது சிவப்பல்லாத அறிகுறியும் ரயிலும் ஒன்றாகக் கிடைக்கும். ரயில்கள் ஏராளம். ஆகவே படங்களும் ஏராளம். ஆனால் பெரும்பாலானவை வளைவின் மீதும் என்ஜின்களின் மீதும் குவிந்தவை. சிக்னல் பாலம் பின்னணி அலங்காரமாகவே வந்துபோகிறது. எந்தத் தடத்துக்கான எந்தத் தலை என்ன காட்டுகிறது என்று குறித்தவர்கள் சிலரே.

ஓட்டுநர் அறைக்குள்ளேயே சிக்னல் நிலையைக் காட்டும் ஏற்பாடு உள்ள சில தடங்களில், இடைப்பட்ட சிக்னல்களுக்கு மாற்றாக எதையும் நிறுத்தாமலே எடுத்துவிடும் வழக்கமும் உண்டு. அங்கே பழையதும் புதியதும் என்ற ஒப்பீடே இல்லை. நேற்று சிக்னல் இருந்த இடத்தில் இன்று ஜல்லியும் புதரும் மட்டும். எடுக்காமல் விட்டது விட்டதுதான்.

தேடுவிளக்குக்கு நேர்ந்தது

தேடுவிளக்குக்கு இப்படி ஒரு தலம் அமையவில்லை. அது எங்கும் இருந்தது. எங்கும் இருந்ததால் யாரும் அதற்காகப் பயணம் போகவில்லை. ஓர் ஊரின் சரக்கு முற்றத்தின் கடைசியில், ஒரு கிராமச் சாலைச் சந்திப்பில் நின்ற தேடுவிளக்குக்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் அக்கறை எடுத்திருந்தால் உண்டு. கெடு நெருங்கிய ஆண்டுகளில் ஒரு தடம் முழுவதும் ஒரே பருவத்தில் மாறியது. கைகாட்டியின் கடைசி நாளை எண்ணிக்கொண்டு காத்திருந்தவர்கள், தங்கள் வீட்டுக்கு அருகே இருந்த தேடுவிளக்கு வெட்டப்பட்டதைப் பிறகுதான் கவனித்தார்கள். எனக்கு இந்தக் காலத்தின் மிகப் பெரிய இழப்பு இதுதான். அரிதானதைத் தேடிப் போகும் பழக்கம், பரவலானதைப் பார்க்கவிடாமல் செய்தது.

பழையதும் புதியதும் சேர்ந்து நின்ற மாதங்கள்

மாற்றம் ஒரே நாளில் நடப்பது இல்லை. முதலில் பழைய கம்பத்துக்கு அருகே புதிய கான்கிரீட் அடித்தளம் முளைக்கும். பிறகு பளபளக்கும் அலுமினியக் கருவி அறை இறங்கும். பிறகு புதிய கம்பம் எழும். அதன் தலை தடத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பியிருக்கும், அல்லது உறை போட்டு மூடியிருக்கும். இன்னும் அதிகாரத்துக்கு வரவில்லை என்று ஓட்டுநருக்குச் சொல்லும் அடையாளம் அது. சில மாதங்கள் இரண்டும் அருகருகே நிற்கும். பிறகு ஒரு நாள் இணைப்பு மாறும். புதிய தலைகள் தடத்தை நோக்கித் திரும்பும். பழையது எரிவெட்டியால் அறுபட்டுத் தரையில் கிடக்கும். கூடவே அந்தக் கம்பி வரிசையும் போகும்.

இந்த இடைக்காலத்தைக் கண்ணுக்கு உறுத்தலாகக் கருதி, புதிய கம்பத்தைச் சட்டகத்திலிருந்து வெட்டி ஒதுக்கியவர்கள் பலர். பழைய காலத்திலேயே எடுத்ததுபோல் தோன்றவேண்டும் என்ற ஆசை. நான் அதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறேன். பழைய சிக்னல் தனியாக நிற்கும் படங்கள் 1950-களிலிருந்தே இருக்கின்றன. பழையது எரிந்துகொண்டிருக்க, புதியது முகம் திருப்பி நிற்க, இடையில் ரயில் ஓடும் படம் சில மாதங்களில் மட்டுமே சாத்தியம். பழைய கம்பத்தின் உயரம், புதியதன் உயரம், ஓட்டுநர் கண்மட்டத்தோடு இரண்டுக்கும் உள்ள உறவு, அறையின் பருமன், கம்பி வரிசை இருந்ததும் இல்லாமல் போனதும் என்று எத்தனையோ செய்திகள் அந்த ஒரே சட்டகத்தில் இருக்கும்.

புகைப்படக் கலைஞர் ஓ. வின்ஸ்டன் லிங்க் 1955 முதல் 1960 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன் தடத்தில் நீராவி என்ஜின்களின் இறுதி ஆண்டுகளை இரவில் ஃபிளாஷ் பல்புகள் பொருத்தி எடுத்தார். அவர் படங்கள் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம் என்ஜின் மட்டும் அல்ல. வீட்டு முற்றமும் கடையும் நிலையப் பணியாளரும் சட்டகத்துக்குள் இருந்தார்கள். அவர் ரயில்வேயின் அனுமதியோடும் ஒத்துழைப்போடும் வேலை செய்தார். இன்று அனுமதியில்லாமல் ஓடும் ரயிலை நோக்கி ஃபிளாஷ் அடிப்பது ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கும், கூடாது. ஆனால் சட்டகத்தை விரித்துப் பார்க்கும் அவருடைய பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். சிக்னல் பராமரிப்பாளர்கள் ஏணியில் ஏறி லென்ஸைத் துடைப்பதும், புதிய தலையை இறுக்குவதும் பொது இடத்திலிருந்து தெரிந்தால் அதையும் எடுக்கவேண்டும்.

நிற்குமிடம் குறித்து சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் விவாதத்துக்கு இடமில்லை. ரயில் பெட்டி தண்டவாளத்துக்கு வெளியே மூன்று அடியாவது நீட்டிக்கொண்டிருக்கும். வேகமாக வரும் நீண்ட சரக்கு ரயில் நிற்க ஒரு மைலோ அதற்கு மேலோ ஆகும். 1972-லிருந்து இயங்கும் ‘ஆபரேஷன் லைஃப்சேவர்’ அமைப்பு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. வேலிக்கு உள்ளே போனால்தான் அந்தக் கோணம் கிடைக்கும் என்றால், அந்தக் கோணம் வேண்டாம்.

படத்தோடு எழுதவேண்டியது

இறுதியாகப் படக்குறிப்பு. 1997-ல் தொடங்கி விஸ்கான்சினின் மேடிசனிலிருந்து இயங்கும் ரயில்ரோடு புகைப்பட மற்றும் கலை மையம் போன்ற காப்பகங்கள் இத்தகைய தொகுப்புகளைப் பேணுகின்றன. பெட்டி பெட்டியாகப் படம் வந்தாலும் குறிப்பு இல்லாவிட்டால் சிக்னல் ஆய்வாளருக்கு அது பாதிதான் பயன்படும். அமெரிக்காவில் தானியங்கி சிக்னல் கம்பத்தில் எண் தகடு இருக்கும். பெரும்பாலும் அதன் முன் இலக்கங்கள் மைல். கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பது எந்தத் திசைக்கான சிக்னல் என்பதைச் சொல்லும். தகடு இல்லாவிட்டால் அது முழுத்தடை சிக்னல், அங்கே சிவப்பு என்றால் அனுமதியின்றி நகரவே கூடாது. அந்தத் தகட்டைத் தனியாக ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

குறிப்பில் நான் எதிர்பார்ப்பவை இவை: தேதி, நேரம், தடம், எண், ரயில் போகும் திசை, படத்தில் தெரிவது அந்த ரயிலுக்கான சிக்னலா எதிர்த் திசைக்கானதா, அது காட்டிய நிலை, ரயில் அதை எட்டும் முன் எடுத்ததா தாண்டிய பின்பா. புதிய கம்பம் நின்றிருந்தால் அது பயன்பாட்டில் இருந்ததா என்பதும் வேண்டும். இதை எழுத ஒரு நிமிடம் ஆகும். அந்த இடத்தை விட்டு நகரும் முன்பே, விளக்கு அணைவதற்குள் எழுதிவிடவேண்டும்.